ஒதுக்கின கொட்டை யாருக்கு?

விவசாயக் குடும்பத்தில் பிறந்த சகோதரிகளுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். நல்லதெல்லாம் கமிட்டிக்கு, ஒதுக்கினதெல்லாம் வீட்டுக்கு. நல்ல கத்தரிக்காய் சந்தைக்குப் போகும், சொத்தைக் காயை நறுக்கி நாம் குழம்பு வைப்போம். முழு அரிசி விலைக்கு, நொய் கஞ்சிக்கு. மணிலாக்கொட்டையும் அப்படித்தான். பருத்த பருப்பெல்லாம் மூட்டையில் ஏறும். சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி குத்தினது, முளை கண்டது எல்லாம் ஒரு பழைய கூடையில் சேர்ந்து சமையலறை மூலைக்கு வந்து விடும். அதை வறுத்துத் தின்போம், சட்னி அரைப்போம். மிஞ்சினதைச் செக்குக்கு அனுப்பினால் வருஷத்துக்கு எண்ணெய் ஆயிற்று, மாட்டுக்குப் புண்ணாக்கும் ஆயிற்று. எதையும் வீணாக்காத குடும்பம் என்று ஊரில் பெயர் வேறு.

என் பிறந்த வீடு அச்சிறுபாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது கூடுவாஞ்சேரியில். நான் படித்தது பள்ளி இறுதி வரைதான். அதனால் இதில் வரும் விஞ்ஞான விஷயத்தை எனக்குப் புரிந்த வகையில்தான் சொல்ல முடியும். எதிர் வீட்டுப் பெண் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு உணவுப் பரிசோதனைச் சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். "அத்தை, நீங்க கேட்கிற கேள்விக்கு எங்க புரொபசரே பரவாயில்லை" என்று சலித்துக் கொண்டாலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

2021-ம் வருஷ ஐப்பசி மழையை எங்கள் ஜில்லாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் தெருவெல்லாம் தண்ணீர். அந்த மழையில்தான் என் தம்பியின் ஆடிப்பட்டக் கொட்டை பிடுங்குகிற பக்குவத்துக்கு வந்தது. முதலில் ஒரு மாதம் சரியான மழை இல்லாமல் செடி வாடிற்று. பிறகு பிடுங்கிப் போட்ட அன்றே பிடித்துக் கொண்டது. கொடியைத் திருப்பிப் போட்டுக் காய வைக்க வெயில் இல்லை. களத்திலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து நடு வீட்டுக்கு என்று மூட்டையைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார்கள். அத்தனை பாடு பட்டும் ஒன்றரை ஏக்கரில் எப்போதும் வருவதில் பாதிதான் தேறிற்று.

வழக்கம் போல எங்கள் வீட்டு எண்ணெய்க்கென்று தம்பி நான்கு மூட்டை கொண்டு வந்து இறக்கினான். அம்மாவும் கூடவே வந்தாள். அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கினாலும் முறத்தைக் கையில் எடுத்தால் இன்னும் பழைய ஆள்தான். மொட்டை மாடியில் உட்கார்ந்து உடைத்துப் புடைக்க ஆரம்பித்தோம். ஓட்டை உடைத்தால் பத்துக்கு இரண்டு பருப்பில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. ஒரு மாதிரி சிக்கு வாடை. எதிர் வீட்டுப் பெண் மாடிக்குத் துணி உலர்த்த வந்தவள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, இந்த ஒதுக்கினதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"செக்குல ஆட்டிக்கிறதுதான். எண்ணெயில என்னா தெரியப் போவுது?" என்று அம்மா பதில் சொன்னாள்.

அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்து விட்டாள். அவள் சொன்னதன் சாரம் இது. பூசணங்களில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்று ஒரு ஜாதி. மண்ணிலேயே இருக்கும். செடி வறட்சியில் வாடும்போது பூமிக்குள் இருக்கிற காயிலேயே புகுந்து விடும். அறுவடைக்குப் பிறகு ஈரம் கிடைத்தால் கொண்டாட்டம்தான். அது கக்குகிற விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். பூசணத்தைத் துடைத்து விடலாம், விஷத்தைத் துடைக்க முடியாது. கழுவினாலும் போகாது. தண்ணீர் கொதிக்கிற சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வறுத்தால் கொஞ்சம் குறையும், ஒழியாது. செக்கில் ஆட்டினால் எண்ணெயில் கொஞ்சம் வரும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி விடும். பெரிய ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதால் அது நீங்கி விடுகிறதாம். நம் செக்கு எண்ணெயில் அந்த வேலை கிடையாது. செக்கு எண்ணெய் என்றாலே அமிர்தம் என்று இப்போது எல்லோரும் ஓடுகிறார்கள். எனக்கும் அந்த வாசனை இல்லாமல் வெங்காயம் தாளிக்கப் பிடிக்காது. ஆனால் செக்கு நல்லதா என்று கேட்கிறவர்கள் செக்குக்குள் போன கொட்டை எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

புண்ணாக்கு என்றதும் எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுப் புண்ணாக்கு அடுத்த தெருப் பால்காரம்மாவுக்குத்தான் போகும். பதிலுக்கு அவள் பால் விலையில் கழித்துக் கொள்வாள். அந்தப் பால்தான் என் பேத்திக்கு. பிரசவத்துக்கு வந்திருந்த பெண் அப்போது குழந்தையோடு இங்கேதான் இருந்தாள். குழந்தைக்கு ஒரு வயசு முடிந்து, பசும்பால் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். மாடு தின்ற விஷத்தில் ஒரு சிறு பங்கு, நூற்றுக்கு ஒன்றிரண்டு என்கிற அளவில், வேறு உருவம் எடுத்து ஒரு நாளுக்குள் பாலில் இறங்கி விடுகிறது. அதற்கு எம்-1 என்று பெயர். பாலைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும். இது சாகாது. தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலும் சரியாகி விடும் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நல்ல வேளையாக அந்த வருஷக் கொட்டை இன்னும் செக்குக்குப் போகவில்லை.

அம்மா ஒப்புக் கொள்ளவில்லை. "காலங்காலமா தின்னுட்டுத்தான் இருக்கோம். இவ சொல்றதப் பாத்தா நாமெல்லாம் எப்பவோ செத்திருக்கணும்."

இதே பேச்சைத்தான் நானும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அதற்கு அவள் 1974-ல் நடந்ததைச் சொன்னாள். ராஜஸ்தானில் பான்ஸ்வாடா ஜில்லா, அதை ஒட்டி குஜராத்தில் பஞ்சமகால் ஜில்லா. மக்காச்சோளமே அங்குள்ள ஆதிவாசிகளின் அன்றாடச் சாப்பாடு. அறுவடைச் சமயத்தில் காலம் தப்பிய மழை. கதிர் பூசணம் பிடித்து விட்டது. வேறு தானியம் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதையே தின்றன. காமாலை வந்தது, வயிறு வீங்கிற்று. 397 பேர் படுத்தார்கள், 106 பேர் இறந்து போனார்கள். அந்த வீடுகளில் மிச்சம் மீதி தின்ற நாய்களுக்கும் அதே காமாலை, அதே வயிறு வீக்கம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் டாக்டர்கள் போய் ஆராய்ந்து, கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அந்தச் சோளத்தில் இந்த விஷம் இருந்ததைக் கண்டு எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1960-ல், இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளுக்கு மேல் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோதுதான் இந்த விஷத்தையே கண்டுபிடித்தார்கள். அந்தக் கோழிகள் தின்றது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த மணிலாப் புண்ணாக்கு!

இப்படி ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் உடனே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வெளியே தெரியாது. ஈரலில் புற்று வைக்கும்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா முறத்தைக் கீழே வைத்து விட்டாள்.

என் அப்பா 2009-ல் ஈரல் புற்றில் போனவர். வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர். ஒரு சொட்டு சாராயம் தொட்டறியாதவர். ஆனால் ஈரல் வியாதி என்று தெரிந்ததும் ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "வெளியில நல்லவரு மாதிரி இருந்தாரு, உள்ளுக்குள்ள குடிச்சிருப்பாரு" என்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களே குசுகுசுவென்று பேசிக் கொண்டார்கள். அம்மாவுக்குப் புருஷன் போன துக்கத்தை விட அந்தப் பேச்சுதான் அதிகமாகச் சுட்டது. இன்றைக்கும் அந்தச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவள் போவதில்லை. அப்பாவுக்குக் காமாலைக் கிருமியில் பி என்று ஒரு வகை வெகு நாளாக உடம்பில் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு அப்போது அதன் அர்த்தம் முழுதாகப் புரியவில்லை.

"உங்கப்பா ராத்திரி ராத்திரி அந்த ஒதுக்குக் கொட்டையத்தானடி வறுத்துக் குடுன்னு கேட்டு வாங்கித் தின்னாரு. நான்தானடி குடுத்தேன்" என்றாள் அம்மா.

எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கண் கலங்கி விட்டது. ஆனால் அவள் சொன்ன பதில் நல்ல பதில். "பாட்டி, அந்தக் கிருமி ஒண்ணு இருந்தாலே போதும், ஈரலைக் கெடுக்க. இந்த விஷமும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு ஆகும்னு படிச்சிருக்கோம், முப்பது மடங்கு வரைக்கும்கூடச் சொல்றாங்க. ஆனா தாத்தாவுக்கு எதனால வந்ததுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. குடிச்சதால வரல, அது மட்டும் நிச்சயம்" என்றாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து, படித்த ஒருத்தி வாயால் அம்மா அதைக் கேட்டாள். அன்று சாயங்காலம் வரை அவள் வேறொன்றும் பேசவில்லை.

இனி அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். பூசணம் கண்ணுக்குத் தெரியும், விஷம் தெரியாது. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கிற பருப்பிலும் இருக்கலாம். பச்சை பூத்த பருப்பில் இல்லாமலும் இருக்கலாம். அளவோ மிக மிகச் சின்னது. நம் நாட்டுச் சட்டப்படி மேற்கொண்டு பக்குவம் செய்யப் போகிற கொட்டையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே தின்கிற கொட்டையில் 10, பாலில் அந்த எம்-1 அரை மைக்ரோகிராம், இதற்கு மேல் இருக்கக் கூடாது. மைக்ரோகிராம் என்றால்? ஒரு கிலோவை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பொடி உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து நாலாக உடைத்து, அதில் ஒன்றை ஒரு கிலோ கொட்டையில் கலந்தால் கிட்டத்தட்ட அந்த 15 வரும். இதை எந்தக் கண், எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

கண்டுபிடிக்கிற வேலையை முயலிடமும் எலியிடமும் வாங்கியிருக்கிறார்கள். நம் உடம்புக்குள் அந்நியப் பொருள் ஏதாவது புகுந்தால், அதை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக் கொள்ளும் எதிர்ப்புப் பொருளை ரத்தம் தயாரிக்கிறது. ஆன்டிபாடி என்கிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதே அதற்குத்தானே? இந்த விஷம் மிகச் சின்னஞ்சிறு பொருள். தனியாகப் போனால் உடம்பு கண்டு கொள்ளாது. சின்னப் பொடியன் வாசலில் வந்தால் நாய் குரைக்குமா? பெரிய ஆள் ஒருத்தனின் கையைப் பிடித்துக் கொண்டு வந்தால் குரைக்கும், கூடவே பொடியனின் மோப்பத்தையும் பிடித்து வைத்துக் கொள்ளும். அது போல விஷத்தை ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டி முயலுக்கு ஊசி போடுகிறார்கள். முயலின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து வைத்துக் கொள்கிறார்கள். எலியின் செல்லிலிருந்து ஒரே அச்சாக எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கும் முறை 1975-ல் வந்தது. கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டுபிடித்தது. 1984-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எலைசா என்கிற பரிசோதனையை 1971-ல் ஸ்வீடனில் உருவாக்கியவர்களில் ஒருவர் ஈவா எங்வால் என்ற பெண்மணி. அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி. அவருடைய ஆசிரியர் பெர்ல்மானோடு சேர்ந்து செய்தார். அதே சமயத்தில் ஹாலந்திலும் இருவர் தனியாக இதையே செய்தார்களாம். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

எதிர் வீட்டுப் பெண் அதன் தட்டைப் படமெடுத்து வந்து காட்டினாள். நம் குழிப்பணியாரக் கல்லே தான்! என்ன, உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக், வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசை, மொத்தம் 96 குழி. குழியின் அடியில் அந்த விஷத்தை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். நம் கொட்டையைப் பொடித்து, மெத்தனாலில் கலக்கி, வடித்த தண்ணீரை எதிர்ப்புப் பொருளோடு சேர்த்துக் குழியில் விடுவார்கள். இதைப் புரிந்து கொள்ள எனக்குக் கல்யாணப் பந்திதான் உதவிற்று. குழியின் அடியில் இலை போட்டிருக்கிறது. எதிர்ப்புப் பொருள்கள்தான் விருந்தாளிகள். நம் கொட்டையில் விஷம் இருந்தால், விருந்தாளிகள் அதைப் பிடித்துக் கொண்டு வெளியிலேயே டிபன் முடித்து விடுவார்கள். பந்தியில் உட்கார மாட்டார்கள். கழுவி ஊற்றும்போது அவர்கள் போய் விடுவார்கள். உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நிறம் கொடுக்கும் பொருளை ஊற்றினால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் பளிச்சென்று வந்தால் பந்தி நிறைந்தது, கொட்டை நல்ல கொட்டை. மஞ்சள் வெளுத்தால் விஷம் அதிகம். எவ்வளவு வெளுத்தது என்பதை ஒரு கருவி அளந்து கணக்குச் சொல்லி விடும். விஷம் இருந்தால் நிறம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு நேர் மாறாக இருக்கிறது பாருங்கள்!

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. நாள் தள்ளிப் போனால் மருந்துக் கடையில் வாங்கி வந்து இரண்டு கோடு வருகிறதா என்று பார்க்கிறோமே, அந்தப் பட்டையில் இருப்பதும் எதிர்ப்புப் பொருள்தான். 2020, 2021-ல் மூக்கில் குச்சி விட்டு அரை மணியில் சொன்னார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். கொட்டைக்கும் சோளத்துக்கும்கூட அப்படிப் பட்டைகள் வந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் இந்த விஷத்தை அளக்கப் பெரிய பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. செலவும் அதிகம். ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1972-ல் வந்தது. வேர்க்கடலையும் அவர்கள் ஆராய்ச்சி செய்கிற பயிர்களில் ஒன்று. அங்கேதான் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும்படி எலைசா முறையைச் செலவு குறைத்துச் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுச் சிறு விவசாயிகளின் சங்கம் இதை வைத்துத் தங்கள் கடலையைப் பரிசோதித்து, கைவிட்டுப் போயிருந்த ஐரோப்பியச் சந்தையை மறுபடி பிடித்தது. ஐரோப்பாவில் அப்படியே தின்கிற கடலைக்கு நாலு மைக்ரோகிராம்தான் அனுமதி.

விஷத்துக்கு மட்டுமில்லை, செடியின் நோய்க்கும் இதே உபாயம்தான். 2000-ம் வருஷம் ஆந்திராவில் அனந்தப்பூர் ஜில்லாவில் மணிலாச் செடிகள் குருத்துக் கருகி லட்சக்கணக்கான ஏக்கரில் செத்தன. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். பார்ப்பதற்கு ஏற்கனவே தெரிந்த மொட்டுக் கருகல் நோய் போலவே இருந்தது. இலைச் சாற்றைப் பரிசோதித்தபோது அந்த வைரஸின் எதிர்ப்புப் பொருள் அசையவில்லை. புகையிலைக் கீற்று வைரஸ் என்ற வேறொன்றின் எதிர்ப்புப் பொருள்தான் பிடித்துக் கொண்டது. வரப்போரம் மண்டிக் கிடந்த பார்த்தீனியச் செடியின் மகரந்தத்தில் அது இருந்ததும், இலைப்பேன் அதைச் சுமந்து வந்ததும் பிறகு வெளிவந்தது. நோயின் பெயர் மாறினால் வைத்தியமும் மாறும் அல்லவா? வெறுமே மருந்தடித்துக் கொண்டிருப்பதை விட வரப்பில் அந்தச் செடியைப் பிடுங்கிப் போடுவது முக்கியம் என்று ஆயிற்று.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன விருப்பாட்சி வாழையும் முடிக்கொத்து நோயால் மலைச்சரிவில் அழிகிற நிலைக்குப் போனது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. தாய்க்கன்றில் நோய் இருந்தால் பக்கக் கன்றிலும் இருக்கும். அதனால் திசு வளர்ப்புக்கு எடுக்கிற தாய்ச் செடியை முதலில் இப்படிப் பரிசோதித்து, சுத்தமானதா என்று பார்த்த பிறகே கன்று பண்ணுகிறார்கள். என் தம்பிக்குப் பிடித்த விஷயம் இதுதான். "மனுஷனுக்கு ரத்தம் எடுக்கிற மாதிரி வாழைக்கும் எடுக்கிறான்கா" என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கிறான்.

எங்கள் கொட்டைக் கதைக்கு வருகிறேன். இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பொறுக்கின நல்ல பருப்பு ஒன்று, ஒதுக்கினது ஒன்று. எப்படி எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மேலே கிடக்கிற ஒரு கைப்பிடி உதவாது. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் விஷம் மொத்தமாக அடைந்து கிடக்குமாம். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ. ஈரம் படாமல் காகிதப் பையில்.

பரிசோதனைக் கட்டணம் கேட்டுத் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தக் காசுக்கு ஒரு மூட்டைக் கொட்டையே வாங்கிடலாம்கா!" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு லாரிக்கு ஒரு பரிசோதனை செய்தால் செலவு தெரியாது. நாலு மூட்டைக்காரன் என்ன செய்வான்? ஒரு கிராமத்துக் கொட்டையையாவது சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு கமிட்டியிலேயே இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் என் சீட்டுப் பணத்தில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியைத் தோளில் போட்டுக் கொண்டு உலாவிக் கொண்டிருந்தார், அதுவே பதில்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. பொறுக்கின பருப்பில் சட்டம் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. ஒதுக்கினதில் அதைப் போலப் பல மடங்கு.

எனக்கு இதில் பெரிய ஆறுதல் ஒன்று இருந்தது. முறமும் பொம்பிளைகள் கண்ணும் செய்கிற வேலை லேசான வேலை இல்லை. சுருங்கினதையும் நிறம் மாறினதையும் ஒட்டுமொத்தமாகப் பொறுக்கி எறிந்தாலே விஷத்தில் பெரும்பங்கு போய் விடுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் புடைச்சது சரியாத்தான் இருக்குது" என்றாள், மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக முகம் மலர்ந்து.

இத்தனைக்கும் பிறகும் வீட்டில் சண்டை வந்தது. ஒதுக்கின கொட்டை ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஊரில் ஒரு வியாபாரி அதை அப்படியே வாங்கிக் கொள்வார். பாதி விலைதான், ஆனாலும் விலை. அந்த வருஷம் தம்பிக்கு ஒவ்வொரு ரூபாயும் வேண்டியிருந்தது. உரக் கடையில் பாக்கி, பெரிய பையனுக்குக் கல்லூரிப் பணம். "நாம தின்ன வேண்டாம், சரி. வித்துடலாம்கா. எல்லாரும் விக்கிறதுதானே" என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கேட்டாள். "அத வாங்கறவன் எங்கடா கொண்டு போவான்?"

தம்பி பேசவில்லை. அவனுக்கும் தெரியும். செக்குக்குப் போகும். வெல்லப் பாகில் போட்டு உருண்டை பிடிக்கிறவர்களிடம் போகும். பாகும் ஏலக்காய் வாசனையும் சேர்ந்தால் சிக்கு வாடை தெரியாது. பள்ளிக்கூட வாசலில் இரண்டு ரூபாய்க்கு ஒரு குழந்தை வாங்கித் தின்னும். புண்ணாக்காகி யாரோ ஒருத்தி வீட்டு மாட்டுக்குப் போய், அந்தப் பாலை இன்னொரு பேத்தி குடிப்பாள்.

மறு நாள் அவன் அதைத் திரும்ப ஊருக்கு எடுத்துப் போய்க் கிணற்றடிக்கு எட்ட ஆழமாகக் குழி வெட்டிக் கொட்டி மூடினான். மாடு கிளறாமல் மேலே கல் வைத்தானாம். உரக் கடைப் பாக்கியில் ஒரு பகுதியை என் சீட்டிலிருந்து கொடுத்தேன். அது அக்காள் தம்பிக்குள் இருக்கிற கணக்கு.

கொட்டை வாங்கிச் செக்குக்குக் கொடுக்கிற சகோதரிகளுக்காக, நாங்கள் இப்போது செய்வதைச் சொல்லி விடுகிறேன். காயாக வாங்குகிறோம். காதருகே வைத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று இருந்தால் உள்ளே ஈரம். பருப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டைக்குள்ளேயே பூசணம் கிளம்பும். மிஷினில் உடைக்கிறவர்கள் பருப்பு நொறுங்காமல் இருக்க ஓட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அதற்கு நாங்கள் சம்மதிப்பதில்லை. நொறுங்கினால் நொறுங்கட்டும். வெறுந்தரையில் மூட்டையை வைக்காமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வைக்கிறோம். உடைத்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து பொறுக்குகிறோம். பூத்தது மட்டும் இல்லை, சுருங்கினது, கறுத்தது, பொத்தல் விழுந்தது எல்லாம் வெளியே. தின்னும்போது ஒரு பருப்பு கசந்தால் விழுங்காமல் துப்பி விட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். காமாலை பி-க்கு ஊசி இப்போது குழந்தை பிறந்தவுடனேயே போடுகிறார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களும் ரத்தம் பார்த்துக் கொண்டு, தேவைப்பட்டவர்கள் போட்டுக் கொண்டோம். தம்பிக்கும்தான்.

கூடுவாஞ்சேரிக்கு அடுத்து காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், விவசாயிகளுக்கு யோசனை சொல்கிற வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பால்காரம்மா மாட்டுத் தீவனத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றாள். ஒரு நாள் இருவரும் பஸ் ஏறிப் போய் வந்தோம். கடலைப் புண்ணாக்கை ஒரே அடியாகக் கொட்டாமல் மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கிறாள் இப்போது. மழைக் காலத்தில் பூத்த புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதே இல்லை. "நம்ம லட்சுமி வாயில்லா ஜீவன்கா, அதுக்குப் பொறுக்கத் தெரியுமா?" என்றாள் என்னிடம்.

அடுத்த வருஷம் அறுவடை சமயத்தில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வியாபாரி தராசோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நல்ல கொட்டைக்கு விலை பேசி முடித்து, "ஒதுக்கு இருக்குமே, அதையும் போடுங்க" என்றார்.

"இல்ல" என்றாள் அம்மா.

"போன வருஷமும் இல்லன்னீங்க. வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருந்த முறத்தை எடுத்துக் கொண்டு, மிச்சம் இருந்த கொட்டையைப் புடைக்க உட்கார்ந்தாள்.